படித்தவர் என்ன செய்தார்? தொழில்முறை எழுத்தில் முதுகலைப் படிப்பு

இந்தப் படிப்புக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் அதை நடத்தும் பல்கலைக்கழகங்களே ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ‘தொழில்முறை எழுத்து’ என்று எம்.ஏ. பட்டம் தருகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய அதே வகைப் பாடங்கள் ‘தொழில்நுட்பத் தகவல்தொடர்பு’ என்ற எம்.எஸ். பட்டத்துக்குள் வருகின்றன. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் பொறியியல் கல்லூரிக்குள்ளேயே இதற்கு ஒரு துறை வைத்திருந்தது. 2009-ல் அந்தத் துறை ‘மனித மைய வடிவமைப்பும் பொறியியலும்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகம் மின்வழிக் கற்பித்தலோடு சேர்த்து இதை நடத்துகிறது. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ‘தொழில்முறை எழுத்து’ என்ற பெயரில் பல்லாண்டு நடந்து பின்னர் மூடப்பட்ட முதுகலைப் படிப்போ நாவலும் திரைக்கதையும் எழுதக் கற்றுக்கொடுத்தது. பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிக்கும் மாணவர் தான் நினைத்தே பார்க்காத வகுப்பறையில் போய் உட்கார நேரலாம்.

நாவலையும் திரைக்கதையையும் விட்டுவிட்டு, இங்கே நான் எடுத்துக்கொள்வது அதற்கு முன்னே சொன்ன வகையை. இயந்திரத்தின் கையேடு, மருந்து ஆய்வின் ஒப்புதல் படிவம், அரசின் விதிமுறை, பொறியாளர் மேலாளருக்கு எழுதும் மெமோ, மென்பொருள் எழுதுபவர்களுக்கான ஆவணங்கள் என்று அதன் எல்லை விரிந்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: படித்து முடித்ததும் படித்தவர் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும். ஒரு வால்வை மூட வேண்டும், ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், ஒரு ராக்கெட்டை நிறுத்தி வைக்க வேண்டும். இதைக் கற்க இரண்டு வருடமும் பெருந்தொகையும் செலவழித்து முதுகலைப் பட்டம் வாங்க வேண்டுமா, வேலையில் சேர்ந்து ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியாதா என்பது இந்தத் துறை பிறந்த நாள்தொட்டு இருக்கும் கேள்வி. நல்ல வாக்கியம் எழுத மட்டும்தான் என்றால் பட்டம் வேண்டாம் என்பதே என் பதில். தன் எழுத்தைப் படித்தவர் என்ன செய்தார் என்று போய்ப் பார்த்து, அதற்குத் தானே பொறுப்பேற்கும் பழக்கத்தை ஒரு படிப்பு உண்டாக்குமானால், அந்தப் படிப்பு தேவை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1862-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மோரில் சட்டத்தால் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகள் பெருகின. அங்கிருந்து வெளிவந்த பொறியாளர்களுக்கு எழுத வரவில்லை என்ற புகாரும் கூடவே எழுந்தது. சுரங்கத் துறைப் பத்திரிகை ஆசிரியரான டி. ஏ. ரிக்கார்டு 1908-ல் தொழில்நுட்ப எழுத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். டஃப்ட்ஸ் கல்லூரியின் சாமுவேல் எர்ல் 1911-ல் ஒரு பாடநூல் வெளியிட்டார். ஆனாலும் எழுதுவதே ஒரு தனி வேலை என்ற நிலையை உண்டாக்கியது இரண்டாம் உலகப் போர்தான். அவசர அவசரமாகச் செய்யப்பட்ட ஆயுதங்களையும் ரேடார்களையும், அவற்றை முன்பின் பார்த்திராத இளைஞர்கள் இயக்கிப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் அந்தத் தேவை கணினிக்கும் மருந்துக்கும் விண்வெளிக்கும் நகர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் ரென்சலேயர் பாலிடெக்னிக் 1950-களிலேயே தொழில்நுட்ப எழுத்தில் முதுகலைப் பட்டம் தரத் தொடங்கியது. தொழில்நுட்ப எழுத்தாளர்களின் சங்கங்களும் 1953 வாக்கில் முளைத்தன.

அந்தக் காலத்துப் பாடத்திட்டம் பெரும்பாலும் நடை சம்பந்தப்பட்டது. வாக்கியத்தைச் சுருக்கு, செயப்பாட்டு வினையைக் குறை, தலைப்புகளை ஒழுங்காகக் கொடு. அறிவியல் உண்மை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, எழுத்து அதைக் கறைபடாமல் காட்டினால் போதும் என்ற நம்பிக்கை அதற்கு அடியில் இருந்தது. 1979-ல் வட கரோலினாவின் கேரலின் மில்லர் எழுதிய ஒரு கட்டுரை இந்த நம்பிக்கையின் வேரில் கைவைத்தது. தொழில்நுட்ப எழுத்தைக் கற்பது என்பது ஒரு சமூகம் எப்படிச் சிந்திக்கிறது, எதை ஆதாரமாக ஏற்கிறது என்பதைக் கற்பது என்றார் அவர். 1984-ல் அவரே எழுதிய இன்னொரு கட்டுரை, எழுத்து வகை என்பது வடிவம் பற்றியது மட்டும் ஆகாது, திரும்பத் திரும்ப நேரும் ஒரு சூழ்நிலைக்கு ஒரு சமூகம் கண்டுபிடித்த செயல் அது என்று வாதிட்டது. இந்த இரண்டு கட்டுரைகளையும் தொடாமல் இந்தத் துறையில் முதுகலை முடிப்பது கடினம்.

இதே காலத்தில் கார்னகி மெலனில் வேறொரு வேலை நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. லிண்டா ஃபிளவர் என்ற ஆங்கிலத் துறைப் பேராசிரியரும் ஜான் ஹேய்ஸ் என்ற உளவியலாளரும் எழுதிக்கொண்டிருப்பவர்களையும் படித்துக்கொண்டிருப்பவர்களையும் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அமெரிக்க மத்திய அரசின் விதிமுறைகளைச் சாதாரண ஆட்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது கிடைத்த முடிவு 1983-ல் வெளியானது. விதி ‘தகுதியுள்ள விண்ணப்பதாரர்’ என்ற பாணியில் பேசிக்கொண்டிருக்க, படிப்பவர்கள் அதை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது, நான் கடன் கேட்டுப் போகிறேன் என்று வைத்துக்கொள்வோம் என்று ஒரு காட்சியை மனதுக்குள் உண்டாக்கி, அதில் விதியைப் பொருத்திப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். அப்படியானால் அந்தக் காட்சியை எழுதுபவரே முன்கூட்டி அமைத்துக் கொடுத்துவிடலாமே! யார், எந்த நிலையில், என்ன செய்ய வேண்டும் என்று விதியைத் திருப்பி எழுதலாம். அரசு விதிகள் எளிய ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஆணையிட்டிருந்த நேரம் அது. படிவங்களை ஆராய அரசுப் பணத்தில் ஒரு திட்டமும் நடந்தது. மொழி ஆசிரியரும் உளவியலாளரும் பக்க வடிவமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரு படிவம் நன்றாக இருக்கிறதா என்பதை இலக்கணம் தெரிந்தவரிடம் கேட்பதைவிட, அதை நிரப்பித் தடுமாறுபவரைப் பக்கத்திலிருந்து பார்ப்பது மேல் என்ற எண்ணம் அங்கேதான் ஒரு கல்வித் துறைக்குரிய முறையாக உறுதிப்பட்டது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இந்த வகுப்புகளில் அடிக்கடி காட்டப்படும் உதாரணம் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுன்டி பயன்படுத்திய வாக்குச்சீட்டு. வயதான வாக்காளர்கள் அதிகமுள்ள பகுதி என்பதால் எழுத்தைப் பெரிதாக்க விரும்பினார்கள். அதனால் வேட்பாளர் பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கங்களில் எதிரெதிராக வந்தன. குத்த வேண்டிய துளைகள் நடுவில் ஒரே வரிசையில் இருந்தன. இடது பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது அல் கோர். ஆனால் நடுவரிசையின் இரண்டாவது துளை வலது பக்கத்தின் முதல் பெயரான பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. அந்தக் கவுன்டியில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் 2,000-க்கும் மேற்பட்டவை கோருக்குப் போட நினைத்தவர்கள் தவறிப் போட்டவை என்று அரசியல் அறிவியலாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். இரண்டு துளைகளைக் குத்தியதால் செல்லாமல் போனவை 19,000-க்கும் மேல். மாநிலம் முழுவதிலும் புஷ் வென்றது 537 வாக்குகளில். அந்தச் சீட்டில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. வாக்குப்பதிவுக்கு முன் இருபது முதியவர்களைக் கூப்பிட்டு வைத்து ஓட்டுப் போடச் சொல்லிப் பார்த்திருந்தால் சிக்கல் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இந்தியர்களான நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கொலம்பியா விண்வெளி ஓடம். 2003 ஜனவரி 16 அன்று அது கிளம்பி 82 விநாடி ஆனபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் சுற்றுப்பாதையில் இருந்த நாட்களில், சேதம் எவ்வளவு இருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் கணக்குப் போட்டு நாசா அதிகாரிகளுக்கு பவர்பாயின்ட் ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அவற்றில் முக்கியமான ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், பழைய சோதனை முடிவுகளின்படி பாதுகாப்புக்கு இடமிருக்கிறது என்ற எண்ணமே வரும். அதற்குக் கீழே பெரிய புள்ளி, அதற்குள் சிறிய புள்ளி, அதற்குள் இன்னும் சிறிய புள்ளி என்று இறங்கிக்கொண்டே போனால் கடைசி வரிசையில் சின்ன எழுத்தில் ஒரு தகவல் இருந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம். ஓடத்தில் மோதியதோ 1,920 கன அங்குலம். 640 மடங்கு பெரிய துண்டு. பழைய சோதனை இந்த நிலைமைக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதுதான் அதன் அர்த்தம். தலைப்பாக இருந்திருக்க வேண்டிய செய்தி அடிவரிசையில் கிடந்தது. ஆங்கிலத்தில் ‘குறிப்பிடத்தக்க’ என்ற பொருள் தரும் சொல் அந்த ஒரே ஸ்லைடில் ஐந்து முறை, இடத்துக்கு இடம் வேறு பொருளில் வந்ததை யேல் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு டஃப்டி எடுத்துக் காட்டினார். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லாவும் உடனிருந்த ஆறு பேரும் இறந்தார்கள்.

ஒரு ஸ்லைடால் ஓடம் உடையவில்லை. விசாரணை வாரியம் தன் அறிக்கையில் நாசாவின் நிர்வாகப் பழக்கங்களையே முக்கியமாகக் குற்றம் சாட்டியது. சந்தேகப்பட்ட பொறியாளர்கள் சுற்றுப்பாதையில் இருந்த ஓடத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டும் அது நடக்கவில்லை. ஆனாலும் உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயம் பேசப்படுகிறது என்பதே தெரியாமல் ஒரு மேலதிகாரி அந்த ஸ்லைடைத் தாண்டிப் போயிருக்க முடியும் என்பதை அதே வாரியம் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி எழுதியது. நல்ல முதுகலைப் படிப்பு இந்த இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கிறது. எழுதியவர் எப்படி எழுதியிருக்கலாம் என்பதோடு, கெட்ட செய்தியைத் தலைப்பில் வைக்க ஒரு பொறியாளருக்கு அந்த அலுவலகத்தில் ஏன் துணிச்சல் வரவில்லை என்பதையும் கேட்கிறது. இரண்டாவது கேள்வியை ஆறு மாத அலுவலகப் பயிற்சி ஒருபோதும் கேட்காது. பயிற்சி கொடுப்பதே அந்த அலுவலகம்தானே.

இதைவிடக் கடுமையான பாடம் ஒன்று உண்டு. 1992-ல் ஸ்டீவன் கேட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு நாஜி மெமோவை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதினார். 1942 ஜூன் 5 தேதியிட்ட அந்த மெமோ, மனிதர்களை விஷவாயுவால் கொல்லும் வேன்களில் செய்ய வேண்டிய தொழில்நுட்பத் திருத்தங்களைப் பரிந்துரைக்கிறது. பிரச்சினை, காரணம், தீர்வு என்று வரிசையாகப் போகிறது. உள்ளே ஏற்றப்படும் மனிதர்கள் ‘சரக்கு’ ஆகிவிடுகிறார்கள். தொழில்நுட்ப எழுத்தின் பாடநூல் அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் அந்த மெமோவில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதைக் காட்டிவிட்டு, அப்படியானால் நம் அளவுகோல்களில்தான் ஏதோ இல்லை என்றார் கேட்ஸ். தெளிவு, சுருக்கம், பயன் ஆகியவற்றை மட்டும் தெய்வமாக வைத்தால் எழுதுபவர் எதற்கும் கருவியாகிவிடுவார். வாசகர் என்ன செய்தார் என்று பார்ப்பதோடு, அந்தச் செயல் இன்னொருவரை என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை வந்த பிறகு அறம் என்பது பாடத்திட்டத்தின் கடைசி வாரத்தில் ஒட்டவைக்கும் விஷயமாக இருக்க முடியாமல் போனது. 2019-ல் வால்டன், மூர், ஜோன்ஸ் ஆகிய மூவர் எழுதிய நூல் வரை, யாருடைய குரல் ஆவணத்தில் இடம்பெறாமல் போகிறது என்ற கேள்வி தொடர்கிறது.

ஐரோப்பாவில் இந்தப் படிப்புக்குச் சட்டமே முட்டுக்கொடுக்கிறது. அங்கே விற்கப்படும் இயந்திரத்தோடு, வாங்குபவரின் நாட்டு மொழியில் கையேடும் போக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் இயந்திர நெறிமுறை கட்டாயப்படுத்துகிறது. கையேடு தவறென்றால் பொருளே குறையுள்ளது என்று வழக்கு வரலாம். 1978-ல் தொடங்கிய டெகோம் என்ற ஜெர்மன் தொழில்நுட்ப எழுத்தாளர் அமைப்பு இன்றும் வலுவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். அமெரிக்காவிலோ, 1953-ல் வேர்விட்ட தொழில்நுட்பத் தகவல்தொடர்புச் சங்கம் 2025 ஜனவரியில் திவாலாகிக் கதவை மூடியது. இந்தியாவிலும் கிளை வைத்திருந்த சங்கம் அது. பெங்களூரிலும் சென்னையிலும் ஐடி நிறுவனங்களில் ஆவணம் எழுதுபவர்கள் பலருக்குத் தொழில் நட்பு கிடைத்த இடம் அது என்பதால் அந்த மூடல் இங்கேயும் வலித்தது.

சங்கம் மூடியதை வைத்துத் தொழிலே முடிந்தது என்று சொல்பவர்கள் 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடியையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இலக்கணச் சுத்தமான பத்தியை இயந்திரம் நொடியில் கொடுத்துவிடும் என்பது உண்மை. அதைத் தவிர வேறெதையும் கற்றுத்தராத படிப்புகள் மூடப்பட்டால் நான் வருந்த மாட்டேன். ஆனால் எங்கேயும் எழுதப்படாமல் ஒரு பொறியாளரின் தலைக்குள் மட்டும் இருக்கும் விவரத்தை, எது கேட்டால் வெளியே வரும் என்று தெரிந்து கேட்டு வாங்குவது, எழுதிய படிகளை உண்மையான கருவியில் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது, நான்காம் படியில் பயனர் விழிப்பதைப் பார்த்துவிட்டு மூன்றாம் படியை மாற்றுவது, கெட்ட செய்தியைத் தலைப்புக்குக் கொண்டுவரச் சொல்லி மேலாளரோடு வாதாடுவது ஆகிய வேலைகள் மனிதரிடம்தான் இருக்கின்றன. வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்க நினைப்பவர்கள் பாடத்திட்டத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: வெளி நிறுவனத்துக்காக உண்மையான ஆவணம் ஒன்றைச் செய்து, வாசகர்களிடம் சோதிக்கும் வேலை எத்தனை பாடங்களில் இருக்கிறது? கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் உண்டா? மருத்துவம், சட்டம், மென்பொருள் என்று ஒரு துறை அறிவை ஆழமாகப் பெற வழி இருக்கிறதா? இளங்கலை முடித்த கையோடு போகிறவரைவிட, இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்து, ஒரு ஆவணம் தோற்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்தப் படிப்பு அதிகம் கொடுக்கும் என்பது என் கணிப்பு.

தமிழில் இதற்கான தேவை எவ்வளவு அவசரமானது என்பதை ஒரே ஒரு ஆவணத்தை வைத்துச் சொல்லலாம். இந்தியாவில் புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும் அதையே வலியுறுத்துகின்றன. வழக்கமாக நடப்பது இது: ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்குவார்கள், அந்தத் தமிழை வேறொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் சான்றிதழ் வாங்கி அறநெறிக் குழுவுக்கு அனுப்புவார்கள். தாளும் தாளும் ஒத்துப்போகின்றனவா என்பது இதில் தெரிந்துவிடும். கையெழுத்துப் போடப்போகிற அம்மாவுக்குப் புரிந்ததா என்பது தெரியாது.

‘பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களுள் ஏதேனும் ஒன்றிற்கு ஒதுக்கப்பட்டு, ஆய்வு மருந்தோ மருந்துப்போலியோ அளிக்கப்படுவர்’ என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரும்ப ஆங்கிலமாக்கினால் அச்சு அசலாக வரும். இதை இப்படி எழுதலாம்: ‘இந்த ஆய்வில் சேருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புது மருந்து கிடைக்கும். மீதிப் பேருக்குப் பார்க்க அதே போல இருக்கும், மருந்தே இல்லாத மாத்திரை கிடைக்கும். யாருக்கு எது என்பது குலுக்கல் போட்டு முடிவாகும். உங்களுக்கு எது கிடைத்தது என்று உங்கள் டாக்டருக்கும் தெரியாது.’ நிச்சயம் மேல். ஆனால் வேலை இத்துடன் முடியவில்லை. இதைப் படித்துக் காட்டிவிட்டு, ‘உங்களுக்கு எந்த மாத்திரைம்மா குடுப்பாங்க?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ‘எனக்கு எது நல்லதோ அதைத்தானே டாக்டர் குடுப்பாரு’ என்று பதில் வரலாம். ஆய்வில் பங்கேற்பதைச் சிகிச்சை என்றே நம்பிவிடும் இந்த மயக்கத்தைப் பால் ஆப்பெல்பாமும் அவரது சகாக்களும் 1982-லேயே விவரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அமெரிக்க நோயாளிகளிடம் கண்டது அது. டாக்டரைத் தெய்வமாக நினைக்கும் நம் ஊரில் அது குறைவாக இருக்க வாய்ப்பில்லை. அந்த அம்மாவுக்கு வாக்கியம் புரிந்தது. ஆனால் டாக்டர் மேல் உள்ள நம்பிக்கை அந்த வாக்கியத்தைத் தள்ளிவைத்துவிட்டது. அப்படியானால் குலுக்கலைச் சொல்வதற்கு முன்பே, ‘இது உங்கள் நோய்க்கான வழக்கமான வைத்தியம் அல்ல. இந்த மருந்து வேலை செய்கிறதா என்றே இன்னும் யாருக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு’ என்று தொடங்க வேண்டும். மறுபடி படித்துக் காட்டி, மறுபடி கேட்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்யத் தமிழ் நன்றாகத் தெரிய வேண்டும், மருத்துவ ஆய்வு எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும், வாசகரைச் சோதிக்கும் முறை தெரிய வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளில் இதழியலும் மொழிபெயர்ப்பும் பாடமாக இருக்கின்றன. கலைச்சொல்லாக்கத்தில் நமக்கு நீண்ட மரபு இருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மருத்துவ ஆய்வு நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் தமிழ் ஆவணங்களுக்குப் பணம் செலவழித்துக்கொண்டும் இருக்கின்றன. ஒரு தமிழ்த் துறையும் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தாலே ஒரு முதுகலைப் பாடத்தைத் தொடங்கிவிடலாம். முதல் பருவத்துக்கு ஒரே வேலை கொடுத்தால் போதும்: நடைமுறையில் உள்ள ஓர் ஒப்புதல் படிவம், அதை அறநெறிக் குழுவின் அனுமதியோடு படித்துக் காட்டுவதற்கு வெளிநோயாளர் பிரிவில் பத்துப் பேர், அவர்கள் சொன்ன பதில்களின் ஒலிப்பதிவு, அந்தப் பதில்களை வைத்துத் திருத்திய படிவம், பிறகு வேறு பத்துப் பேர். மாணவருக்கு மதிப்பெண், அந்த இரண்டாவது பத்துப் பேரின் பதில்களைப் பார்த்துப் போட வேண்டும்.